முன்னால் இருவர், பின்னால் இருவர்

"சிகரெட் உண்டா?" என்று கேட்டாள் பரஸ்தூ, நடையை நிறுத்தாமலே.

"விட்டாச்சு. இப்போ பூசணி விதைதான். நாள் முழுக்கக் கொறிக்கிற பழக்கம்" என்றான் அர்தலான்.

"தோலெல்லாம் தரையிலயா?"

"அதை உங்க வீட்டுப் பக்கந்தான் திருத்தணும்."

தெஹ்ரானின் வடக்கு ஓரம். வெள்ளிக்கிழமைக் காலை. மலையை ஒட்டிய அந்தப் பூங்காவில் சினார் மரத்து இலைகள் பழுத்து உதிர்ந்து, பாதையே தெரியவில்லை. அருவி வரை நடப்பது, அங்கே முடிவைச் சொல்வது என்று இரண்டு குடும்பமும் பேசி வைத்திருந்தன. வீட்டுக்கு வரச் சொன்னால் அத்தைமார் வாய் சும்மா இருக்காது.

இளையவர்கள் வேண்டுமென்றே எட்டி நடந்தார்கள். பரஸ்தூவின் அம்மா தூரானும், அர்தலானின் அப்பா ஹூஷங்கும் பின்னால் மெதுவாக வந்தார்கள். பக்கத்தில் ஆள் இருந்தால் எந்த ஜோடிதான் மனம் விட்டுப் பேசும்?

பரஸ்தூவுக்கு அவசரம். தூரத்துத் தப்ரீஸ் நகரில் வேலை கிடைத்திருந்தது. பனி விழுவதற்குள் போய்ச் சேர வேண்டும். இந்தச் சம்பந்தம் முடிவாகாமல் அவளால் நிம்மதியாகப் பெட்டி கட்ட முடியாது. ஏற்கெனவே வந்த இரண்டு வரன்களையும் தூரான் தட்டிக் கழித்திருந்தாள். ஒருவர் சூப்பை உறிஞ்சிக் குடித்தாராம். இன்னொருவர் சிரிக்கவே இல்லையாம்.

கல்யாணத்துக்குப் பிறகு கணக்கு டியூஷன் எடுப்பதை நிறுத்தச் சொல்லக் கூடாது என்று பரஸ்தூ கறாராகச் சொன்னாள். வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, பிள்ளைகள் அங்கேயே வரட்டும் என்றான் அர்தலான். பிறகு அவன் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டான்.

"கோபம் வருமா?"

"வரும். வந்தா ரெண்டு நாள் பேச்சே இருக்காது. மூணாம் நாள் மாதுளைக் குழம்பு வாசனை வந்தா சமாதானம்னு அர்த்தம்."

பின்னால் ஏதோ சலசலப்பு. இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓடையின் மேல் ஓர் ஆள் மட்டும் போகக்கூடிய மரப்பாலம். முதலில் நீங்கள் போங்கள் என்றார் ஹூஷங். அதெப்படி, நீங்கள்தான் என்றாள் தூரான். மரியாதை காட்டுவதில் தோற்க இருவருமே தயாராக இல்லை. மலையேற வந்த கூட்டம் பின்னால் தேங்கி நின்றது.

"ரெண்டு பேரும் ஓடையில இறங்கி நடங்களேன். நாங்களாவது பாலத்துல போறோம்" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

தூரான் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டுப் பரஸ்தூவுக்கு ரொம்ப நாளாயிற்று.

"நல்ல சகுனம்" என்றான் அர்தலான்.

"அவசரப்படாதீங்க. எங்கம்மா சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னு சொல்றவங்க."

அருவிக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில், கம்பளம் விரித்த கட்டிலில் நால்வரும் உட்கார்ந்தார்கள். சாரல் முகத்தில் அடித்தது. ஹூஷங் குளிரைப் பற்றி ஏதோ சொன்னார். அது எல்லோருக்கும் தெரிந்த குளிர்தான். தூரான் அருவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் சம்மதமா, மறுப்பா, பரஸ்தூவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைக்காரர் நான்கு கிளாஸ் தேநீரையும் சர்க்கரைக் கட்டிகளையும் தட்டோடு கொண்டுவந்து பரஸ்தூவின் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

பிள்ளை வீட்டார் இருவரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பெண்ணின் கையிலிருந்து தேநீர் வந்துவிட்டால் சம்பந்தம் முடிந்த மாதிரிதான்.

பரஸ்தூ தட்டைத் தூக்கினாள். அவள் அப்படியே திரும்பித் தூரானிடம் தட்டை நீட்டினாள்.

"இந்தாம்மா. பொண்ணு நீதானே, நீயே குடு."

ஐம்பத்தாறு வயதுத் தூரான் முக்காட்டை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தாள். தட்டை வாங்கிக்கொண்டு, தலை நிமிராமல், நேராக ஹூஷங்கின் முன்னால் போய் நின்றாள்.