வளைவில் ஒரு கட்டடம்

"என்ன அத்தான், வளைவுல புதுசா கட்டடம் முளைச்சிருக்கு?"

மைத்துனர் கேட்டதும் ரயில் டிரைவர் கையிலிருந்த தூரிகையைக் கீழே வைத்தார்.

மேஜைமேல் அவர் செய்த ஒரு குட்டி மாதிரி நகரமே இருந்தது. தண்டவாளத்துக்கு அடியில் சலித்தெடுத்த ஜல்லித்தூள், மாடிவீட்டுக் கொடியில் நகத்தளவு சட்டைகள், சுவரில் மழைத்தண்ணீர் வழிந்த கறை. ஊரில் உள்ளது உள்ளபடி வர வேண்டும் அவருக்கு. பஸ் நிறுத்தத்து பெஞ்சின் கால் உடைந்திருந்தால், இங்கேயும் உடைத்துத்தான் வைப்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதர் வெட்டவெளியில் நாலு மாடிக் கட்டடத்தை நட்டு வைத்திருக்கிறார்!

"அங்க வெறும் புல்லுதானே? சிக்னல் பழுது பார்க்கிற எனக்குத் தெரியாதா? அன்னைக்குக்கூட நான் அங்கதான் நின்னேன்."

"தெரியும் மாப்ள."

"அப்புறம்?"

டிரைவர் கட்டடத்தின் ஓரத்தில் பசையைத் தடவினார்.

மைத்துனருக்குப் பளிச்சென்று புரிந்தது. போன வருஷம் அந்த வளைவில்தான் இவர் ஓட்டிய ரயிலில் ஒரு கல்லூரிப் பையன் அடிபட்டுச் செத்தான். அவனுடைய அம்மா இன்று வெளியூரிலிருந்து வருகிறாள். டிரைவர் அந்த இடத்தை அப்படியே செய்து வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, "நேர்ல போய்ப் பார்க்க எனக்குத் தெம்பில்லை, இதையாவது காட்டுங்க" என்று கேட்டிருந்தாள்.

"கட்டடம் மறைச்சுது, பையன் என் கண்ணுல படலைன்னு சொல்லப் போறீங்களா? விசாரணையிலதான் உங்கமேல தப்பில்லைன்னு சொல்லிட்டாங்களே! அப்புறம் எதுக்கு முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணும்? அதுவும் பெத்தவகிட்ட?"

"நீ வாயைத் திறக்காம இரு மாப்ள. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

மைத்துனருக்கு வந்த கோபத்துக்கு எழுந்து போயிருப்பார். அக்கா முகத்துக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அந்த அம்மா வந்தாள். மேஜையைச் சுற்றி வந்தாள். எதையும் தொடவில்லை. வளைவருகே நின்றாள்.

"இங்கயா?"

"ஆமாம்மா."

"பரீட்சையில தோத்துட்டான்னு அன்னைக்குக் காலையில நான் போன்ல கண்டபடி திட்டினேன். அதனாலதான் வேணும்னே போய் நின்னான்னு ஊரே சொல்லுது." அவள் டிரைவரை நிமிர்ந்து பார்த்தாள். "ரயில் வர்றதை அவன் பார்த்தானா? அதை மட்டும் சொல்லுங்க."

"பார்த்திருக்க முடியாதும்மா. இந்தக் கட்டடம் மறைக்குது பாருங்க. பிள்ளை தண்டவாளத்தைக் கடக்கத்தான் வந்தான்."

அவள் குனிந்து, தண்டவாளத்தை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தாள். கட்டடத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"சத்தங்கூடவா கேக்கலை?"

"நான் ஹாரன் அடிக்கலைம்மா. மறந்துட்டேன்."

"அப்ப... எம்புள்ள தானா சாகலை. நான் திட்டினதால சாகலை..." என்று ஓவென்று அழுதவள், சட்டென்று பாய்ந்து டிரைவரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "பாவி! நீதான்டா கொன்னுட்ட! நீ நல்லா இருப்பியா?"

டிரைவர் அசையாமல் நின்றார்.

அன்று ரயில் நிற்கும்வரை விடாமல் அலறிய அந்த ஹாரனைக் காதாரக் கேட்ட மைத்துனர், வாயைத் திறக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.