கரடி நிறுத்தம்

வனவிலங்குப் பூங்காவின் இலவசப் பேருந்துக்கு ஓட்டுநர் கிடையாது. மானோ மயிலோ கண்ணில் பட்டால் தானே நின்றுவிடும். சாலையோரம் கை காட்டும் மனிதர்களுக்கு மட்டும் நிற்காது. காட்டுக்குள்ளே குடியிருப்பவர்கள் ஒரு நிறுத்தம் கேட்டபோது, "அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லையே" என்று பதில் வந்தது. வேறு வண்டிகளுக்கோ உள்ளே அனுமதியில்லை.

கெம்பிக்குப் பிரசவ வலி கண்ட காலையில் இரண்டு பேருந்துகள் நிற்காமல் போயின. அவள் கணவன் கேத்தன் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டு, நடுச்சாலையில் நாலு காலில் நடக்கத் தொடங்கினான்.

"ஐயோ, என்ன பண்றே நீ?" வலியிலும் கெம்பிக்குச் சிரிப்பு வந்தது.

"பேசாம இரு. உறுமணும்."

அடுத்த பேருந்து நின்றது. "எதிரே கரடி" என்று இனிமையாக அறிவித்தது.

கரடி எழுந்து நின்று கத்தியது: "புள்ளத்தாச்சிங்க! கதவத் தொறங்க!"

உள்ளேயிருந்த ஒரு பெண்மணி கேமராவைப் போட்டுவிட்டு அவசரக் கதவை இழுத்துத் திறந்தார். பூங்கா வாசலிலிருந்த ஆஸ்பத்திரியில் அன்று மதியமே பெண் குழந்தை பிறந்தது.

கரடி வரும் இடம், கதவு திறக்க வேண்டிய இடம் என்று பேருந்து தானாகவே கற்றுக்கொண்டது. இப்போது ஒவ்வொரு நடையிலும் "எதிரே கரடி" என்று அறிவித்துவிட்டு அங்கே நிற்கிறது. ஊரே ஏறுகிறது. அதன் தப்பைத் திருத்த யாரும் போகவில்லை.

நேற்று ஒரு பயணி ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "கரடி எங்கம்மா?" என்று கேட்டார்.

ஏறிக்கொண்டிருந்த கெம்பி இடுப்பிலிருந்த மகளை உயர்த்திக் காட்டினாள்.

"குட்டி இதாங்க. பெரிய கரடி வேலைக்குப் போயிருக்கு."