துரைக்கு டெஸ்ட்

"இது தேறாது. சத்தியமாத் தேறாது."

டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் இப்படிச் சொன்னது மாணவர் யாரையும் பார்த்து அல்ல. கடலோர நடைபாதையின் மரப்பாலத்துக்கு முன்னால் நான்கு காலையும் பரப்பிப் படுத்துவிட்ட பழுப்பு நாயைப் பார்த்து. அதன் பெயர் துரை. பெயருக்கேற்ற தோரணைக்குக் குறைச்சல் இல்லை.

நாய்கள் காப்பகத்தில் அப்படி ஒரு விதி. நாய் கேட்டு வருகிறவர் முதலில் ஒரு பகல் முழுக்கக் கடலோரப் பாதையில் நாயோடு நடக்க வேண்டும். காப்பகத்துப் பெண்மணி கூடவே வந்து, முடிவைச் சாயங்காலம் சொல்வார். டிரைவிங் டெஸ்ட் மாதிரிதான் என்று வாத்தியார் சட்டென்று புரிந்துகொண்டார். ஒழுங்காக நடக்கத் தெரியாத நாயை யார் வீட்டுக்கு அனுப்புவார்கள்?

அவருக்கு நாய் வேண்டியிருந்தது, அதுவும் அவசரமாக. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடந்தது. வாய்ச்சண்டைக்குக்கூட ஆளில்லாமல், டிவியில் செய்தி வாசிக்கிறவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். "உங்க கோவத்துக்கு ஒரு நாய்கூட உங்ககிட்டத் தங்காதுப்பா" என்று மகள் போனில் சிரித்தது வேறு சுருக்கென்று தைத்திருந்தது.

மகள் சொன்னதிலும் தப்பில்லை. வண்டி நின்றுபோனால் மாணவன் முட்டாள், குலுங்கினால் வடிகட்டிய முட்டாள். 'என் தப்பு' என்று அவர் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை.

பாலத்துக்கு முன்னால் இழுத்தார், கெஞ்சினார், பிஸ்கட்டைக் காட்டினார். துரை பிஸ்கட்டை மட்டும் வாங்கிக்கொண்டது. ஆத்திரத்தில் கயிற்றின் நுனியை ஓங்கியும் விட்டார். நாய் அவர் முகத்தையே பார்க்க, கை தானாகத் தாழ்ந்தது. கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பாலத்தைக் கடந்தார். இடுப்பு விண்விண் என்று தெறித்தது.

பின்னால் வந்த காப்பகத்துப் பெண்மணி வாயே திறக்கவில்லை. நாயைப் பார்க்காமல், கயிற்றைப் பிடித்திருந்த வாத்தியாரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற அதிகாரிகளும் இப்படித்தான் உம்மென்று வருவார்கள் என்று வாத்தியார் எரிச்சலோடு நினைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் வழிநெடுக அவமானம்தான். பாறை வளைவில் செத்து நாறிக் கிடந்த மீன்மேல் துரை ஆனந்தமாகப் புரண்டது. தலையில் அடித்துக்கொண்டு, தன் கைக்குட்டையாலேயே அதைத் துடைத்துவிட்டார். பெஞ்சில் உட்கார்ந்து ஷூ லேசைக் கட்டி நிமிர்வதற்குள், கொண்டுவந்திருந்த ரொட்டியும் முட்டையும் துரையின் வயிற்றுக்குள் போயிருந்தன. ஐஸ்கிரீம் வண்டிக்காரர் ஒருவர்தான் துரையைக் கண்டதும், யாரும் கேட்காமலே கிண்ணத்தில் தண்ணீர் வைத்தார். அந்த மட்டும் உலகத்தில் நல்லவர்கள் இருக்கிறார்கள்.

"இந்த ஜென்மத்துல உனக்கு லைசென்ஸ் கிடையாதுடா" என்றார் வாத்தியார். துரை அவருடைய ஷூவின்மேல் தலையை வைத்துத் தூங்கிவிட்டது. கால் மரத்துப்போகிற வரை அவர் காலை நகர்த்தவில்லை.

திரும்பி வரும்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இது தேறவில்லையென்றால் மறுபடியும் கம்பிக் கூண்டுக்குத்தான் போகும். இன்னொருவர் வருவார், இன்னொரு நடை, இன்னொரு தோல்வி. நாளெல்லாம் திட்டிய வாய் அப்போதிலிருந்து அடங்கிவிட்டது.

சாயங்காலம் அதே மரப்பாலம். அந்தப் பக்கம் காப்பகத்தின் கேட் தெரிந்தது. துரை வழக்கம்போல நான்கு காலையும் பரப்பிக்கொண்டது. வாத்தியார் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, பெண்மணி பக்கம் திரும்பினார். முடிவை அவர் சொல்லிவிடுவதற்குள் தான் முந்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றியது.

"மேடம், இவனை ஃபெயிலாக்கிடாதீங்க. பாலத்துல படுத்தது என் தப்பு, பிடிக்கத் தெரியாம இழுத்துட்டேன். சாப்பாட்டை அவன் மூக்குக்கு நேரா வெச்சதும் என் தப்புதான். மறுபடி டெஸ்ட்னா நாளைக்கே வர்றேன். எப்படியாவது இவனை எனக்குக் குடுத்துடுங்க."

பேசியது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

பெண்மணி அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தார். துரை தோளிலிருந்து துள்ளிக் குதித்து, கயிற்றையும் இழுத்துக்கொண்டு பாலத்தின்மேல் தடதடவென்று அந்தக் கோடிவரை ஓடி, அதே வேகத்தில் திரும்பி வந்து, பெண்மணியின் காலடியில் ஜம்மென்று உட்கார்ந்தது.

வாத்தியாருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"டெஸ்ட் உங்களுக்குத்தான் சார். எடுத்தது இவன். பாஸ் பண்ணிட்டீங்க."

வாத்தியார் குனிந்து கயிற்றை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "அப்போ இவன்?"

"இவனுக்கு நாளைக்கும் டியூட்டி இருக்கு சார். உள்ள வாங்க, உங்க நாயைக் காட்டுறேன்."