பக்குவம் போதாது

“பக்குவம் போதாது. சீனியர் பதவிக்குச் சிபாரிசு செய்ய இயலாது.”

சிவப்பு மையில் எழுதியிருந்ததை அக்கா மூன்றாவது தடவையாக வாசித்தாள். வாசித்துவிட்டுத் தாளைத் தையல் மிஷின் மேல் வீசினாள். அப்பா தைத்துக்கொண்டிருந்த காலரை அப்படியே விட்டுவிட்டு அதைக் கையில் எடுத்தார்.

அக்கா ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். ஆறு வருஷ வேலை. குறிப்பை எழுதியது அவளுடைய மேலதிகாரி மேடம். ரத்தம் தடவிய ஒவ்வொரு கண்ணாடி ஸ்லைடையும் ரெண்டு தடவை பார்க்கச் சொல்லி உயிரை எடுப்பதால் நான் அவருக்கு வைத்த பெயர் பூதக்கண்ணாடி.

“வயித்தெரிச்சல்! வேற என்ன?” என்றாள் அம்மா.

போன வாரம் வரைக்கும் வீட்டில் வேறு சண்டை. அக்காவுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருந்தது. ரெண்டு வருஷப் படிப்பு. வேலையை விட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் நேரில் போய் ‘சேருகிறேன்’ என்று கையெழுத்துப் போடாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்கு.

“பெரிய படிப்பு படிச்சா ரத்தம் என்ன நீலமாவா தெரியப்போகுது?” என்றார் அப்பா.

“திரும்பி வந்து அதே மைக்ராஸ்கோப்புலதானேடி கண்ணை வைக்கணும்?” இது அம்மா.

“ரிப்போர்ட்ல நானே கையெழுத்துப் போடலாம்மா. இப்ப பார்க்கிறது நான், கையெழுத்து வேற யாரோ.”

சொன்னாளே ஒழிய, அவளுக்கே ஊசலாட்டம்தான். அந்த நேரம் பார்த்து சீனியர் பதவி காலியானது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

“அது கிடைச்சா இருந்துடறேன்.”

“மூணு வருஷம் வேலையை விடமாட்டேன்னு எழுதிக் கொடுக்கணுமாமே?” என்றார் அப்பா.

“கொடுத்துட்டாப் போச்சு. படிப்பு எங்கே ஓடிப்போகுது? அப்புறம் பார்த்துக்கலாம்.”

இன்று வியாழன். அந்தப் பதவியும் இல்லையென்று ஆகிவிட்டது. அக்கா லீவு போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள்.

“ஆறு வருஷத்துல ஒரு ரிப்போர்ட் தப்பாப் போனதில்ல. எனக்குப் பக்குவம் போதாதாம்.”

அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. பூதக்கண்ணாடியைச் சும்மா விடுவதாக இல்லை நான்.

நல்லவேளையாக எனக்கு ஜலதோஷம். தொண்டை கரகரவென்று ஆம்பளைக் குரலாகியிருந்தது. ஆஸ்பத்திரி ஆண்டு விழாவில் பெரிய டாக்டர் மேடையில் பேசியதைக் கேட்டு, ஒரு வாரம் வீட்டில் அவர் குரலில் பேசி அவராகவே உலாவியவள் நான். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு லேப் நம்பரை அழுத்தினேன்.

“லேப்.” பூதக்கண்ணாடியேதான்.

“ஹ்ம்ம்... வணக்கம்மா. பெரிய டாக்டர் பேசறேன்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. நல்லா நடுங்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

“சொல்லுங்க டாக்டர்.”

“அந்தப் பொண்ணு... ஹ்ம்ம்... நல்லா வேலை செய்யற பொண்ணாச்சேம்மா. பக்குவம் போதாதுன்னு எழுதியிருக்கீங்க. மாத்தி எழுதிடுங்கம்மா.”

“மாத்த மாட்டேன்.”

“ஏம்மா?”

“அவளை மாதிரி ஸ்லைடு பார்க்க இந்த லேப்ல ஆள் கிடையாது. என்னையும் சேர்த்துத்தான் சொல்றேன்.”

எனக்குச் செருமக்கூட மறந்துபோனது. “பின்னே ஏன்...?”

“பதவி வந்தா எழுதிக் கொடுத்துட்டு உட்கார்ந்துடுவா. எத்தனையோ சொல்லிப் பார்த்தேன். ‘படிப்பை அப்புறம் பார்த்துக்கலாம் மேடம்’னா. எனக்கும் ஒரு காலத்துல இடம் வந்தது. நானும் அப்புறம்னுதான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாச்சு. அந்தக் கடிதாசு இன்னும் இந்த மேஜை டிராயர்லதான் கிடக்கு.”

அடுத்து அவரே கேட்டார்.

“என் மேல ரொம்பக் கோபமா இருக்காளா?”

“அழறா.” என் சொந்தக் குரலிலேயே வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அழட்டும். அழுது முடிச்சா கோபம் வரும். கோபம் வந்தா கிளம்பிடுவா. நாளைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு வர்ற வரைக்கும் நீ வாயைத் திறக்காதே, சின்னவளே. அதுக்கப்புறமும் திறக்கணும்னு இல்லை.”

உள் அறையில் பீரோவை இழுத்துத் திறக்கும் சத்தம் கேட்டது.

“பக்குவம் போதாதாமே, பக்குவம்! நான் யாருன்னு காட்டறேன். எம்மா, என் சர்டிபிகேட் ஃபைலை எங்கே வெச்சே?”

அக்காவின் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

“கேட்டுதா மேடம்?” என்றேன் மெதுவாக.

“கேட்டுது.” மூச்சை இழுத்துவிடும் சத்தம். “வெச்சுடவா? பதினாலு ஸ்லைடு காத்திட்டிருக்கு.”

“மேடம், ஒண்ணே ஒண்ணு. நான்தான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? குரல் சரியில்லையா?”

“குரல் அச்சு அசலா அவரேதான். உங்க அக்கா சொன்னதுக்கும் மேலேயே செய்யறே. ஆனா நீ அவரை மேடையிலதானே பார்த்திருக்கே? அங்கே எல்லாரையும் அம்மா, அய்யான்னுதான் கூப்பிடுவார்.”

மேஜை டிராயரைச் சாத்தினார் போலிருந்தது.

“இந்த இருபத்திரண்டு வருஷத்துல என்னை ஒரு நாள்கூட அவர் ‘அம்மா’ன்னு கூப்பிட்டதில்லை. ‘ஏய், லேப்’னுதான் கூப்பிடுவார்.”