பன்னிரண்டு வெட்டு

ராணுவம் கழித்துக்கட்டிய பழைய துப்பாக்கிகளைச் செப்பனிட்டுத் தரும் பிலோமினாவிடம், செப்பனிடக் கொடுத்திருந்த, பட்டாளத்துக்காரரான தன் தாத்தாவின் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிப்போக வந்திருந்தார் ராஜவேலு. எண்ணெய் குடித்துப் பளபளத்த மரக்கட்டையைத் தடவியதும் அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"கட்டையில பன்னிரண்டு வெட்டு போடச் சொன்னேனேம்மா? சண்டையில கொன்ன ஆளுக்கு ஒண்ணு. தாத்தா எங்ககிட்ட சொன்ன கணக்கு."

அவள் குழலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். "உள்ள பாருங்க சார். குண்டு ஓடின தேய்மானமே இல்ல. வாய் மட்டும்தான் தேஞ்சிருக்கு, அது கம்பி விட்டுத் துடைச்சுத் துடைச்சுத் தேஞ்சது. உங்க தாத்தா இதைத் துடைக்கத்தான் செஞ்சிருக்கார், சுடல. சுடாத மனுஷனைக் கொலைகாரனாக்க என் உளி வராது."

"நாளைக்கு எங்க வீட்டுக் கூடத்துல இதை மாட்டி வைக்கிற விழா. ஊரே வருது. நீ போடாட்டி போ, நானே போட்டுக்கறேன்." மேசைமேல் கிடந்த அவளுடைய உளியை எடுத்துக் கட்டையை நோக்கி ஓங்கினார்.

பிலோமினா கட்டையின்மேல் தன் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

"போடுங்க. முதல் வெட்டு இதுல விழட்டும். பன்னிரண்டுல ஒண்ணாவது நிஜமா இருக்கும்."