பூதம் தூள்

மயிலாப்பூர் தியேட்டர் வாசலில், கடல் பூதப் படம் பார்த்து வந்தவர்களிடம் கேபிள் டி.வி.க்காக இயக்குநர் காஷிஃபே மைக்கை நீட்டினார். பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு தயாரிப்பாளர் தணிகாசலம்.

“கதை சுமார்தான் சார். பூதம் தூள்,” என்றான் ஒரு கல்லூரி மாணவன்.

“சமுத்திரத்துலேர்ந்து சொட்டச் சொட்ட எழுந்து வந்து சிரிச்சுதே, குழந்தை என் கழுத்தைக் கட்டிண்டு விடவே இல்லை,” என்றாள் இடுப்பில் குழந்தையோடு வந்த மாமி.

“டான்ஸ் வேற ஆடுது நைனா. மெர்சலாய்ட்டேன்,” என்றார் ஆட்டோக்காரர்.

தயாரிப்பாளர் காஷிஃபைத் தனியே இழுத்தார். “பட்ஜெட் பத்தலன்னு பூதத்தை நாம எடுக்கவே இல்லையேய்யா. இவங்க எதைச் சொல்றாங்க?”

“அது... ஹீரோவோட அறிமுகப் பாட்டு சார்.”

“நானா?” தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றினார்.

மாமியின் இடுப்பிலிருந்த குழந்தை வீறிட்டது.