மூன்று பாகமும் ஒரு முழமும்

கொழுந்தன் கொல்லைக்கு வந்ததும் வராததுமாகத் துணிக்கொடியின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினான்.

அவள் பதறிப்போய், கொடியில் கிடந்த கணவரின் சட்டையை உருவிச் சுருட்டி மாரோடு அணைத்துக்கொண்டாள். மற்ற துணிகள் மண்ணில் விழுந்தன. அவற்றை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கொடி அண்ணன் கட்டியது. அதைத் தம்பி இரண்டு கைகளையும் அகல விரித்து அளந்தான்.

விரல் நுனியிலிருந்து விரல் நுனிவரை ஒரு பாகம். கடலில் ஆழம் பார்க்க அவர்களுக்கு அதுதான் கணக்கு. அவனவன் கையால் அளந்து, அவனவன் கயிற்றில் முடிச்சுப் போட்டுக்கொள்வான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒன்று. இரண்டு. மூன்று. அதற்கு மேலும் ஒரு முழம் மிச்சம் இருந்தது.

அண்ணன் கடைசியாகப் போனில் தம்பியிடம் சொன்னது இவ்வளவுதான்: இன்ஜின் நின்றுவிட்டது, கரைக்கு நேரே பதினெட்டு பாகத்தில் நங்கூரம் போட்டிருக்கிறேன், வா.

தம்பி அடித்துப் பிடித்துக்கொண்டு படகெடுத்தான். தன் கயிற்றை இறக்கி, பதினெட்டு பாகம் வந்த இடத்தையெல்லாம் கொட்டுகிற மழையில் சல்லடை போட்டுத் தேடினான். சோறு தண்ணீர் இல்லாமல் தேடினான்.

படகு கிடைத்தது அதற்கும் வெளியே, ஆழக்கடலில். அதுவும் வேறு யார் கண்ணிலோ பட்டு. முந்தின நாள்வரை உயிர் இருந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார்.

நங்கூரம் இழுபட்டு நகர்ந்திருக்கும் என்று ஊரே அவனைத் தேற்றியது. அவனுக்குத்தான் மனசு ஆறவில்லை. மெல்லச் சரிகிற கடல் அது. அண்ணன் கைக்கு இந்தக் கொடி வெறும் மூன்று பாகம் என்றால், மூன்றுக்கு ஒரு முழம், பதினெட்டுக்கு ஆறு முழம். ஆழத்தில் ஆறு முழம் தப்பினால், தேடுகிற படகு கண்ணுக்கே எட்டாது.

"அண்ணி, இதை அண்ணன் எத்தனை பாகம்னு அளந்து கட்டினாரு?"

அவன் கொடியைக் கையில் பிடித்தபடியே கேட்டான். அவள் கல்யாணமாகி வந்தபோது அரை டிராயரோடு திரிந்தவன். இடுப்பில் தூக்கி வளர்க்காத குறைதான்.

அவள் யோசிப்பதுபோலக் கொடியைப் பார்த்தாள்.

"மூணு பாகமும் ஒரு முழமும்னு சொன்னாருப்பா."

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிணத்தைக் கொண்டுவந்த அன்றுகூட அழாதவன். பிறகு எழுந்து கொடியைப் பழையபடி கட்டினான். விழுந்த துணிகளை உதறிப் போட்டான். பசிக்கிறது என்றான்.

அவன் சாப்பிட்டுவிட்டுப் போன பிறகுதான் அவள் சட்டையைப் பிரித்துக் கொடியில் போட்டாள். எந்தக் கடைச் சட்டையும் அவருக்குக் கை பத்தாது. அவளேதான் ஒட்டுத்துணி வைத்து நீட்டித் தைப்பாள். கையா இது, துடுப்பா என்று கேலி வேறு செய்வாள்.

கொடி கட்டிய அன்று, கச்சிதமாக மூன்று பாகம் என்றார். விரித்த கைகளை மடக்காமலேயே, சிரித்துக்கொண்டு, வா என்று அவளைக் கூப்பிட்டார்.

துவைக்கிற துணி கிடக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.